நகர்த்தி வைத்த நீர்நாய்கள்

"ஏம்மா, இந்த ஊர்ல உனக்கு வேற இடமே கிடைக்கலையா? என் மனை மேலதான் சிவப்பைக் கொட்டணுமா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே நாத்தனார் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை. வரைபடக்காரி சமையலறைக் கதவோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சோபாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அவள் கணவன், அக்காவின் குரல் கேட்டதும் தாளைச் சற்று மேலே தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"உள்ள வாங்க அண்ணி. முதல்ல உக்காருங்க."

"உக்காந்தா எழுந்திருக்கணும். எழுந்திருக்க முட்டி வேணும். அந்த முட்டி போனதாலதான் தரையோட தரையா ஒரு வீடு கட்டணும்னு நாயா அலையறேன். அதுல நீ மண்ணள்ளிப் போட்டுட்டே."

கையிலிருந்த தாளைப் பிரித்து மேசைமேல் விரித்தார். மாவட்டம் முழுவதையும் சதுரக் கட்டங்களாகப் பிரித்த படம். பெரும்பாலான கட்டங்கள் வெள்ளை, சில மஞ்சள், பன்னிரண்டு மட்டும் சிவப்பு. காட்டுயிர்களுக்காக எந்தெந்த இடத்தை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லும் வரைபடம் அது. எல்லா இடத்தையும் காப்பாற்ற ஆளும் கிடையாது, காசும் கிடையாது. அதனால் முக்கியமானவற்றுக்குச் சிவப்பு. சிவப்புக் கட்டத்தில் புதிதாகக் கட்டடம் எழுப்ப அனுமதி கிடையாது. வரைவைப் போன வாரம்தான் மக்கள் கருத்துக்கு வெளியிட்டிருந்தார்கள். அதைத் தயாரித்தவள் இவள். காட்டுயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் தெருவரைக்கும் வந்து, பால்காரர்கூட 'வரைபடக்காரி வீடு' என்றுதான் அடையாளம் சொல்வார்.

"இதை நான் உக்காந்து பெயின்ட் அடிக்கலை அண்ணி. எந்தக் கட்டத்துல என்ன உயிர் இருக்கு, அது வேற எங்கேயாவது கிடைக்குமா, அங்க ஏற்கெனவே எவ்வளவு வீடு இருக்கு, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டா அதுவா மதிப்பெண் போடும்."

"உன் கம்ப்யூட்டருக்கு என் மேல என்ன கோவம்?"

"உங்க கட்டத்துல நீர்நாய் இருக்குன்னு பதிவு இருக்கு."

நாத்தனார் அவளையே பார்த்தார். முப்பது வருஷம் மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர். ஊசிக்குப் பயப்படும் பெரிய மனிதர்களைப் பார்த்துப் பழகிய அதே பார்வை.

"நீர்நாயா?"

"ஆமா அண்ணி."

"ஏம்மா, மனையை அளக்கறப்போ டேப்பைப் பிடிச்சது யாரு?"

"நான்தான்."

"அன்னைக்குக் குடிக்கத் தண்ணி வேணும்னு ஒரு பாட்டில் வாங்க எவ்வளவு தூரம் போனே?"

 அந்த மனை மேட்டு நிலம். கல்லும் முள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது.

"நீர்நாய் எதுக்கு அங்க வந்துச்சு? வெயில் காயவா?"

தாளுக்குப் பின்னாலிருந்து கணவன் சிரித்துவிட்டான்.

"டேய், நீ சிரிக்காதே. கட்டட அனுமதிக்கு மனு குடுத்து எத்தனை மாசமாச்சு? இப்ப நிறுத்தி வெச்சிட்டாங்க. மாடி ஏற முடியாம ஏறி இறங்கறவ நான். உன் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னை ஏன்க்கா நடுவுல இழுக்கறே? அவ ஆபீஸ் விஷயம்."

"ஒரு சிவப்பை அழிக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் கேக்கறது தப்பா?"

"அழிக்க முடியாது அண்ணி. முடிஞ்சாலும் செய்ய மாட்டேன்."

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. நாத்தனார் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் காபி வேண்டாம் என்று சொல்லி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் அலுவலகத்தில் பையை வைத்ததும் வைக்காததுமாகக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். நாத்தனாருக்காக அல்ல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தண்ணீர் இல்லாத இடத்தில் நீர்நாய் என்பது யார் மனையாக இருந்தாலும் பார்க்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த மேட்டில் டேப்பைப் பிடித்துக்கொண்டு தான் நின்றிருக்காவிட்டால் இது கண்ணிலேயே பட்டிருக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

வானத்திலிருந்து எடுத்த படத்தின்மேல் நீர்நாய்ப் புள்ளிகளைப் போட்டுப் பார்த்தாள். தெற்கே ஓர் ஓடை. வடக்கே ஏரி. இரண்டுக்கும் நடுவில் மேடு. புள்ளிகள் மேட்டின்மேல் கொத்தாக இருந்தன. சிதறிக் கிடக்கவில்லை, ஒரு பாம்பு ஊர்ந்த மாதிரி வளைந்து வளைந்து போயின. மீதி கொஞ்சம் புள்ளிகள் ஏரிக்குள் இருந்தன.

அந்த வளைவை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். சுட்டியால் மேட்டுப் புள்ளிகளைப் பிடித்து அப்படியே தெற்கே இழுத்தாள். பாத்திரத்தில் அதன் மூடி போய் உட்கார்வது போல, ஓடையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு புள்ளி போய் உட்கார்ந்தது.

"அடப்பாவி" என்றாள் வாய்விட்டு.

யாரோ எல்லாவற்றையும் ஒரே திசையில் தள்ளி வைத்திருக்கிறார்கள். நீர்நாய்கள் ஓடையில் இருக்கின்றன. ஓடை இருக்கும் கட்டமோ வரைபடத்தில் வெள்ளை. யார் வேண்டுமானாலும் மண்ணடித்து மூடலாம்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஏரிக்குள் கிடந்த புள்ளிகளையும் இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஏரியில் நீர்நாய் இருப்பதில் என்ன அதிசயம் என்று அவற்றை அவள் தொடவே இல்லை. கை தானாகவே போனுக்குப் போய்விட்டது.

"அண்ணி, நீங்க சொன்னதுதான் சரி. பதிவுல தப்பு. நீர்நாய் உங்க கட்டத்துல இல்லை."

"நான் நேத்தே சொன்னேனே! அப்ப சிவப்பு போயிடுமா?"

"போயிடும் அண்ணி."

"சத்தியமா?"

"போயிடும்ங்கறேனே. நம்ப மாட்டீங்களா?"

 மறுமுனையில் நாத்தனார் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நேத்து காபி குடிக்காம வந்துட்டேன். மனசுல வெச்சுக்காதே" என்றார்.

நீர்நாய்ப் பதிவுகளைக் கொடுத்தவர் களத்துக்குப் போகும் உயிரியலாளர். மிருகங்களின் எச்சத்தைப் பொறுக்கி வந்து காயவைத்து ஆராய்வதால் அலுவலகம் முழுக்க அவருக்கு எச்சக்காரர் என்றே பெயர். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார். அவர் அறையில் தட்டுத் தட்டாக எச்சம் காய்ந்துகொண்டிருந்தது. மீன் செதில்கள் மின்னின. மூக்கைப் பொத்துவது மரியாதை இல்லை என்பதால் எல்லாரும் அங்கே வாயால் மூச்சு விடுவார்கள்.

"சார், நீர்நாய் எங்க இருக்கு?"

"வரைபடத்துல போட்டிருக்கீங்களே."

"நான் போட்டது மேட்டுல இருக்கு. நீங்க பாத்தது எங்க இருக்கு?"

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அப்ப நீங்கதான் நகர்த்தினீங்களா?"

"பொய் எழுதலை மேடம். நகர்த்தி வெச்சேன். அவ்வளவுதான்."

"என்ன சார் வித்தியாசம்?"

"போன கணக்கெடுப்புல சரியான இடத்தைத்தான் குடுத்தேன். அறிக்கை வெளிய வந்துது. அடுத்த தடவை போறேன், ஓடை முழுக்கக் கண்ணி. தோலுக்காக. நம்ம படத்தைக் கையில வெச்சுக்கிட்டே வந்திருக்கானுங்க. கண்ணிக் கம்பில தொங்கிட்டிருந்த ரெண்டு குட்டியை நான்தான் இறக்கினேன்." அவர் தட்டு ஒன்றை நேராக வைத்தார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. "அதனால இந்தத் தடவை எல்லாத்தையும் வடக்க தள்ளிக் குடுத்தேன். மேட்டுல போய்க் கண்ணி வைக்கட்டும், முள்ளுதான் சிக்கும்னு நெனச்சேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"ஒருத்தர்கிட்ட சொன்னா ஒம்பது பேர்கிட்ட சொன்ன மாதிரி. படத்தைப் பாக்கப்போறவன் வேடன்னு நெனச்சேனே தவிர, உங்க கம்ப்யூட்டரும் அதையே பாக்கும்னு எனக்குத் தோணலை."

"பாத்துடுச்சு சார். நம்பவும் நம்பிடுச்சு. வெறும் மேட்டுக்குச் சிவப்பு. ஓடைக்கு வெள்ளை. இந்தப் படம் இப்படியே கையெழுத்தாச்சுன்னா வேடனே வேணாம். லாரியில மண்ணு வந்தா போதும்."

 எச்சக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். "இப்ப என்ன பண்றது?" என்று அவர் கேட்டது சின்னக் குரலில்.

இயக்குநரின் அறைக்கு இருவரும் போனார்கள். இயக்குநர் அதிகம் பேசாத அம்மாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எச்சக்காரரிடம் "உங்ககிட்ட அப்புறம் பேசறேன்" என்று மட்டும் சொன்னார். 

"திருத்திடலாம் மேடம்" என்றார் எச்சக்காரர். "ஆனா புள்ளி வெளிய போகக் கூடாது. கட்டத்தோட நிறம் மட்டும் போகட்டும்."

"சரி. புள்ளி நம்ம ரெண்டு மூணு பேரைத் தாண்டாது. இன்னைக்கே கம்ப்யூட்டர்ல கணக்கைத் திருப்பி ஓட்டுங்க" என்றார் இயக்குநர், வரைபடக்காரியைப் பார்த்து.

அவள் எழுந்திருக்கவில்லை.   "நான் ஓட்டக் கூடாது மேடம். அந்த மேட்டுல எங்க நாத்தனாரோட மனை இருக்கு."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "இது எப்பத்துலேர்ந்து உங்களுக்குத் தெரியும்?"

"மனை இருக்கறது முன்னாடியே தெரியும். அது எந்தக் கட்டத்துல விழுதுன்னு பாக்கலை. நேத்து அவங்க வந்து சண்டை போட்டப்பதான் தெரிஞ்சுது. அதனாலதான் இந்தத் தப்பே கண்ணுல பட்டுச்சு."

"சிவப்பு போச்சுன்னா ஊர் என்ன பேசும் தெரியும்ல?"

"தெரியும். வேற யாராவது ஓட்டட்டும்."

ஓட்டியவர் பக்கத்து அறைப் புள்ளிவிவரக்காரர். எதைச் சொன்னாலும் 'எனக்கு ரெண்டாவதா ஒரு கருத்து இருக்கு' என்று தொடங்குவார். அதனால் அவரை ரெண்டாம் கருத்து என்பார்கள். அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் வரைபடக்காரி உட்கார்ந்திருந்தாள். தன் பிள்ளையை வேறொருவர் அறுவைசிகிச்சை செய்வது போல இருந்தது. நடுவில் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவர் திரும்பிப் பார்க்காமலே திரையைச் சாய்த்துக்கொண்டார். போய் உட்கார்ந்தாள்.

மத்தியானம் தாண்டி அவர் கதவைத் திறந்தார்.

"வாங்க. ஓடை செக்கச்செவேல்னு வந்துடுச்சு. மாவட்டத்துலயே ரெண்டாவது இடம்."

"அப்பாடா. மேடு?"

"அதுவும் சிவப்புதான்."

அவளுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. "எப்படி சார்? அங்கதான் ஒண்ணுமே இல்லையே."

"எனக்கும் ரெண்டாவதா ஒரு கருத்து வந்துச்சு. அதான் மூணு தடவை ஓட்டினேன். இங்க பாருங்க. நீங்க மேட்டுல இருந்த புள்ளியை மட்டும்தானே ஓடைக்கு இழுத்தீங்க? ஏரிக்குள்ள கொஞ்சம் கெடந்துச்சே, அதையும் அவர் தள்ளித்தானே வெச்சிருக்கார். அதை இழுத்தா எங்க வருது?"

மேட்டில் வந்தது. ஓடையிலிருந்து ஏரிக்குக் குறுக்கே ஒரு கோடு போல, ஒன்றன்பின் ஒன்றாக. எச்சக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் திரையைப் பார்த்ததுமே தலையாட்டினார்.

"அது எச்சம் இல்லை மேடம், கால் தடம். கோடையில ஓடை வத்துறப்போ மேட்டைத் தாண்டி ஏரிக்குப் போகும். குட்டிங்களைக் கூட்டிக்கிட்டு. போறதுக்கு அந்த ஒரு வழிதான்."

"கிழக்கால சுத்திப் போகாதா?"

"நெடுஞ்சாலை."

"மேற்கால?"

"செங்கல் சூளை. தெரியாத மாதிரி கேக்கறீங்களே."

தெரிந்துதான் கேட்டாள். ரெண்டாம் கருத்தின் நாற்காலியில் அவளே உட்கார்ந்து மாலைவரை அந்தக் கட்டத்தைக் குடைந்தாள். மதிப்பெண்ணை மாற்றவில்லை, எங்காவது ஒரு தப்பு கிடைக்காதா என்று தேடினாள். இத்தனை வருஷ வேலையில் தன் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது அன்றுதான். தப்பு கிடைக்கவில்லை. காலையில் அந்தக் கட்டம் பொய்யான காரணத்துக்காகச் சிவப்பாக இருந்தது. இப்போது உண்மையான காரணத்துக்காகச் சிவப்பாக இருக்கிறது. மனைக்கு எல்லாம் ஒன்றுதான்.

"போன்ல சொல்லிடுங்களேன்" என்றார் ரெண்டாம் கருத்து. அவர் அப்படி இதமாகப் பேசுவதே அபூர்வம்.

"போன்ல சொல்லித்தான் சார் இந்தக் கதி."

அன்று சாயங்காலமே நேரில் போனாள். நாத்தனார் குடியிருந்தது இரண்டாவது மாடியில். படிகள் செங்குத்தானவை, ஒரு பக்கம் கைப்பிடி ஆடும். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகள். நாத்தனார் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வா வா. சரியான நேரத்துக்கு வந்தே. அந்தப் பெரிய அண்டாவை எடு."

"என்ன அண்ணி இது?"

"நீ போன் பண்ணதுமே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். மாசக் கடைசியில காலி பண்றேன்னு. அவர் தம்பி மகனுக்கு வீடு வேணுமாம், உடனே சரின்னுட்டார். வீடு கட்டி முடியறவரைக்கும் மனைக்குப் பக்கத்துலயே ஒரு அறை பாத்துட்டா கொத்தனார் தலைமாட்டுலயே நிக்கலாம்ல?"

வரைபடக்காரி பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். "அண்ணி, சிவப்பு போகலை."

"என்னது?"

"தப்பு இருந்துச்சு, எங்க ஆபீஸ் எச்சக்காரர் வேடனுங்களுக்குப் பயந்து பதிவை நகர்த்தி வெச்சிருந்தார். திருத்தியாச்சு. திருத்தின பிறகும் உங்க கட்டம் சிவப்புதான். நீர்நாய் அங்க குடியிருக்கலை. ஆனா அது வழியாத்தான் ஏரிக்குப் போகுது. நான் பாதிதான் பாத்தேன். பாதி பாத்துட்டு உங்களுக்குப் போன் பண்ணிட்டேன்."

நாத்தனார் கையிலிருந்த டம்ளரைச் சுற்றி முடித்தார். பெட்டிக்குள் வைத்தார். பிறகு அதையே வெளியே எடுத்தார்.

"சத்தியமான்னு கேட்டேனே."

"கேட்டீங்க."

"நம்ப மாட்டீங்களான்னு கேட்டியே."

"கேட்டேன்."

"நேத்து முடியாதுன்னு சொன்னியே, அதுக்குக் கோவம்தான் வந்துது. இதுக்கு என்ன வருதுன்னே தெரியலை எனக்கு." அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "அழிக்கச் சொன்னப்போ பெரிய நீதிமானா நின்னே. நல்ல சேதின்னதும் என்கிட்ட ஓடி வந்துட்டே. என்ன அவசரம்?"

"உங்களுக்கு நல்லது பண்ணணும்னுதான்…"

"எனக்கில்லைம்மா. கோவிச்சுக்கிட்டுப் போனவளை மறுபடி உன் வீட்டுல காபி குடிக்க வெக்கணும்னு, உனக்காக."

 அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"வீட்டுக்காரர்கிட்ட நான் வேணா பேசறேன் அண்ணி."

"அந்தத் தம்பி மகன் மத்தியானமே வந்து அளவெடுத்துட்டுப் போயிட்டான். திரைச்சீலைக்கு."

"அப்ப நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. முன் அறை கீழ்த்தளம்தானே. என் மேசையை எடுத்துடறேன்."

"உன் புருஷன் குறட்டைக்குப் பயந்துதான் சின்ன வயசுலயே நான் ஹாஸ்டலுக்குப் போனேன்." நாத்தனார் முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "வரேன். வேற வழி? ஆனா அது குடியிருக்கறதுக்கு. என் வீடு வேற. அதை விட மாட்டேன். சரி, அந்த நீர்நாய் எப்படிப் போகும்? பறந்தா?"

"நடந்து. வயித்தைத் தரையில உரசிக்கிட்டு."

"என் மனைக்கு நடுவுலயா?"

"தெக்கு ஓரமா. அந்த ரெண்டு பாறைக்கு நடுவுல."

"நான் வீடு கட்டப்போறது வடக்கு மூலையில. அதுக்கு என்ன இடைஞ்சல்?"

"வீடு இடைஞ்சல் இல்லை அண்ணி. சுத்துச்சுவர். எல்லா மனைக்கும் சுவர் எழுப்பிட்டா வழி அடைஞ்சுடும். அப்புறம் விளக்கு, நாய்."

"சுவர் வேணாம்னு எழுதிக் குடுத்தா?"

வரைபடக்காரி நிமிர்ந்து பார்த்தாள். இதை அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. சிவப்பு என்றால் கட்டடம் கூடாது, அவ்வளவுதான் விதி. உயிர்கள் வாழும் இடத்துக்கும் கடந்துபோகும் இடத்துக்கும் ஒரே சிவப்பைத்தான் இதுவரை போட்டு வந்திருக்கிறார்கள்.

"ஆட்சேபம் எழுதலாம் அண்ணி. வரைவுதானே, இன்னும் அவகாசம் இருக்கு. குழு கூடி முடிவு பண்ணும். அதுல நான் உக்காரக் கூடாது, உக்காரவும் மாட்டேன்."

"எழுதறதுக்காவது உக்காரலாமா?"

"எழுதறதுக்கு உக்காரலாம்."

"அப்ப அந்தப் பெட்டியைத் தள்ளிட்டுப் பேனாவை எடு. வரைபடத்துக்கு எதிரா எழுதறதுக்கு அதைப் போட்டவளைவிட நல்ல ஆள் எங்க கிடைப்பா? முதல் வரி, நீ எனக்குச் சொந்தம்னு போடு. அப்புறம் யாராவது கிண்டிக் கண்டுபிடிச்சு நாறடிக்கப் போறாங்க."

"அதைத்தான் போட்டுக்கிட்டிருக்கேன்."

"ரெண்டாவது, சுவர் கட்ட மாட்டேன். நாய் வளக்க மாட்டேன். ஏற்கெனவே ஒரு தம்பி இருக்கான்."

"தம்பியை எழுத வேணாம் அண்ணி."

"சரி, விடு." நாத்தனார் எட்டி அவள் எழுதுவதைப் படித்தார். "இப்படி எழுதினா கிடைச்சுடுமா?"

பேனா நின்றது. கீழே யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டது, முதல் மாடியோடு நின்றுவிட்டது.

"சொல்ல முடியாது அண்ணி."

"பாதி வாய்ப்பு இருக்கா?"

"அதுவும் சொல்ல மாட்டேன்."

"ம். இப்பத்தான் ஒழுங்கா பேசறே" என்றார் நாத்தனார். "மூணாவது எழுது. வாசல் விளக்கு எந்தப் பக்கம் வெச்சா அதுங்களுக்குக் கண்ணு கூசாது? உனக்குத் தெரியாதுன்னா அந்த எச்சக்காரரைக் கேளு. இந்தத் தடவை எதையும் நகர்த்தாம சொல்லச் சொல்லு."